கோடு போட்ட பல்

1

நண்டுக் காலை எப்படிக் கடிப்பது என்று ராயபுரத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைவாயில் வைத்து ஒரு நெரி. பிறகு முன்பல்லால் ஓட்டைப் பிளந்து ஒரே இழுப்பு. சதை முழுசாக வந்துவிடும். ஹாம்பர்க்குக்கு வந்து ஏழு வருடமாகியும், நண்டுக்கென்று இங்கே மேசையில் வைக்கிற இடுக்கியை நான் தொட்டதில்லை. அது சாப்பிடத் தெரியாதவர்களுக்கு என்று எனக்கு ஒரு கர்வம்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தையிலிருந்து வாங்கி வந்தது எங்கள் ஊர் நண்டு இல்லை, வட கடலின் நண்டு. அதன் ஓடு செங்கல் மாதிரி. கடித்தேன். ‘டக்’ என்று சத்தம் வந்தது. உடைந்தது நண்டு இல்லை.

மேல்வரிசை முன்பல் ஒன்று, இடது பக்கத்தில் இருப்பது, பாதிக்கு மேல் போய்விட்டது. என் மகள் லியாவுக்கு ஐந்து வயது. தட்டில் கிடந்த துண்டை எடுத்துக் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அம்மா, கோடு உள்ளேயும் இருக்கு” என்றாள். தமிழில் இல்லை, ஜெர்மனில். இப்போதெல்லாம் ஆச்சரியமான எதையும் அவள் ஜெர்மனில்தான் சொல்கிறாள்.

அவள் சொன்னது சரி. என் முன்பற்கள் எட்டும் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். ஒவ்வொன்றின் குறுக்கேயும், ஈறிலிருந்து ஒரே உயரத்தில், கரியால் இழுத்தது போல் ஒரு கோடு ஓடும். என் அக்கா பிலோவுக்கும் அப்படியே இருந்தது. அதே நிறம், அதே கோடு. எங்கள் தெருவில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பட்டப்பெயர்: சிலேட்டு. நானாவது பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் போனது நான்தான். அக்கா போகவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து காசிமேட்டில் எறா, அதாவது இறால், உரிக்கிற ஷெட்டில் உட்கார்ந்தாள். சிலேட்டையே கையில் தொடாதவளை ஊர் சிலேட்டு என்று கூப்பிட்டது.

2

பல் மருத்துவர் என் வயதுப் பெண். உடைந்த பல்லைப் பார்ப்பதற்கு முன் மற்ற பற்களைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“சின்ன வயதில் உங்களுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்ததா? கேப்ஸ்யூல் சாப்பிட்டீர்களா?”

சாப்பிட்டிருக்கிறோம். எங்கள் தெருக்கோடியில் ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்தார். எல்லோரும் அவரைக் கம்பவுண்டர் என்றுதான் சொல்வார்கள். குழந்தைக்குச் சுரம் என்று போனால் காகிதத்தில் கேப்ஸ்யூலை மடித்துக் கொடுப்பார். அம்மா அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் நிற மருந்துத் தூளைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து எங்கள் வாயில் ஊற்றுவாள். அந்தக் கசப்பு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

மருத்துவர் தலையாட்டினார். பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அந்த வகை மருந்து போனால் பல்லிலேயே தங்கிவிடுமாம். இது அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது என்றார். நான் வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன். செங்கல்பொடி, அடுப்புக்கரி, உப்பு, எலுமிச்சைத்தோல் என்று எத்தனை காலைகள். அக்கா ஈறில் ரத்தம் வருகிறவரை தேய்ப்பாள். தெருக்குழாயடியில் ரத்தத்தைத் துப்பிவிட்டு, “வெள்ளையாச்சாடி?” என்று என்னிடம் காட்டுவாள்.

என்ன செய்யலாம் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். உடைந்த பல்லில் மிச்சம் குறைவு, அடைத்தால் நிற்காது, மேலே ஓர் உறை போட்டே ஆகவேண்டும். ஆனால் அதற்கு முன் நான் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். பற்களை வெளுக்க வைக்க ஆசையா? என் வாய்க்கு அளவெடுத்த தட்டில் மருந்துக் கூழைப் பூசி வீட்டிலேயே தினமும் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வாரம், எனக்குச் சில மாதங்கள் ஆகும். நிறம் வெளுக்கும், கோடு மங்கும், முழுசாகப் போகும் என்று அவரால் சொல்ல முடியாது. முழு வெள்ளைதான் வேண்டுமென்றால் எட்டுப் பல்லுக்கும் உறை போடலாம். அதற்கு நன்றாக இருக்கிற பற்களையும் சுற்றிலும் செதுக்கியாக வேண்டும்.

“செதுக்கியது திரும்ப வளராது. அதனால் நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் பல் உங்களுடையது” என்றார்.

உறையின் நிறம் எந்த மருந்துக்கும் மாறாதாம். வெளுப்பதாக இருந்தால் முதலில் வெளுத்துவிட்டு அந்த நிறத்துக்கு உறை செய்ய வேண்டும். இப்போதே உறை போட்டுவிட்டுப் பிறகு மற்றதை வெளுத்தால், இது மட்டும் பழைய நிறத்திலேயே நின்றுவிடும். “எனவே முதலில் நிறத்தை முடிவு செய்யுங்கள்” என்று சொல்லி, உடைந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு துண்டை ஒட்டி அனுப்பினார். பால்வெள்ளைத் துண்டு.

வேண்டும் என்று அப்போதே சொல்லியிருப்பேன். பதினைந்து வயதில் இப்படி ஒருவர் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கல்லூரியில் வேலைக்கான நேர்முகத்துக்குத் தயார்செய்த வகுப்பில் “சிரித்த முகமாக இரு” என்று ஒரு ஆசிரியர் என்னை மட்டும் நான்கு முறை திருத்தியிருக்கிறார். இங்கே அலுவலகத்தில் நான் ரொம்பக் கறாரான ஆள் என்று பெயர். வாயைத் திறந்து சிரிக்காத பெண்ணை வேறு எப்படி நினைப்பார்கள்?

ஆனால் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. காரணம் என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி. தினமும் காலையில் நுரையைத் துப்பிவிட்டு, உதட்டை இழுத்துப் பல்லைப் பார்க்கிற அந்த ஒரு நொடியில், கண்ணாடியில் நான் இல்லை. பிலோ நின்று, “வெள்ளையாச்சாடி?” என்று கேட்பாள்.

3

அக்கா இறந்து பத்து வருடம். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கண்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசையாக நிற்குமே, அந்த வரிசை நகர்ந்த நேரத்தில், ஷெட்டிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. நான் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். நான் இன்று செய்கிற வேலையும் கண்டெய்னர்களை எந்த அடுக்கில் வைப்பது என்று கணினியில் திட்டமிடுவதுதான். அதே சிவப்பும் நீலமும் பூசிய பெட்டிகள். இதைப் பற்றி அதிகம் யோசிக்காமலிருக்கப் பழகிக்கொண்டேன்.

அவள் வாய் திறந்து சிரிக்கும் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. படம் எடுக்கிறவர் கையைத் தூக்கினால் போதும், அம்மா பின்னாலிருந்து, “வாய மூடுங்கடி” என்பாள். நாங்கள் இருவரும் உதட்டை ஒட்டிக்கொண்டு நிற்போம். சர்ச்சில் தம்பி சார்லஸ் புதுநன்மை வாங்கிய நாளில் எடுத்த படத்தில் அவன் மட்டும் முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறான். அவனுக்கு வெள்ளைப் பல். அவன் இருபக்கமும் இரண்டு பெண்கள், வாய்க்குள் தண்ணீர் வைத்திருப்பது போல நிற்கிறோம்.

அவள் தெருவில் வாய் திறந்து சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள். என் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாள். கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் ஷெட்டுக் கவுச்சியோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீக்கடை வாசலில் நின்ற ஒருவன், “இன்னா சிலேட்டு, நீ பாஸா, அது பாஸா?” என்றான்.

“ரெண்டு பேரும்தான்டா கஸ்மாலம். சிலேட்டு எய்தி எய்தி பாஸாயிச்சி. பாக்கறியா? நல்லா பாத்துக்கோ” என்று பல்லை ஈயென்று காட்டினாள். அவனுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே ஒரு சுற்றுத் திரும்பிக் காட்டினாள். யார் கையிலும் கேமரா இல்லை.

4

காப்பீட்டு அலுவலகத்திடம் உறைக்கு அனுமதி கேட்க வேண்டும். வெளுப்பதற்கு அவர்கள் எதுவும் தரமாட்டார்கள், அது அழகுக் கணக்கு. அனுமதி வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வேலை முடிய வேண்டும். நான்கு பக்கப் படிவத்தை யார் உதவியும் இல்லாமல் நானே நிரப்பினேன். அதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையில்தான், பல் எதனால் உடைந்தது என்ற கேள்விக்கு நண்டு என்று நினைத்து ‘க்ராபே’ என்று எழுதிவைத்தேன். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு விரல்நுனி அளவு எறா என்று அர்த்தம்.

ஒரு வாரம் கழித்து ஒரு அம்மாள் அலுவலகத்திலிருந்து போன் செய்தார். “மன்னிக்கவும், எறாவா உங்கள் பல்லை உடைத்தது?”

நண்டு என்று விளக்கினேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், போனிலும் கையால் வாயை மூடிக்கொண்டு. போனை வைத்தேன். எறாதான் ஒருத்தியின் கையைத் தின்றது, நகக்கண்ணெல்லாம் வெந்துபோய் இருக்கும், அதில்தான் எனக்குப் பள்ளிச் சீருடை வந்தது என்று அந்த அம்மாளிடம் எந்த மொழியில் சொல்வது?

அனுமதிக் கடிதம் வந்த அன்றுதான் சார்லஸ் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். பத்தாம் வருட நினைவுப் பூசைக்குத் தெருமுனையில் வைக்கப்போகிற ப்ளெக்ஸ். சிலுவை, இரண்டு புறா, மெழுகுவத்தி, நடுவில் அக்கா. வாக்காளர் அட்டைக்கு எடுத்த, இங்கே என் வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிற அதே படம்தான். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பளீரென்ற வெள்ளைப் பற்களோடு.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். லியா எடுத்துப் பார்த்தாள். “யார் இது?” என்றாள். வீட்டில் அக்கா படத்தைத் தினமும் பார்க்கிற குழந்தை.

சார்லஸைக் கூப்பிட்டேன்.

“இன்னா யக்கா, ஷோக்கா கீதா? கடைக்காரப் பையன் கம்ப்யூட்டர்ல போட்டு சிரிக்கவெச்சிட்டான். எல்லாப் போட்டோலயும் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீதே, பத்தாவது வருசம், சிரிச்சாமாரி இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்.”

“அது அவ பல்லு இல்லடா.”

“தெரியும்க்கா. அந்தப் பல்ல எங்கேந்து எடுக்கச் சொல்ற? ஒரு போட்டோ காட்டு, போடச் சொல்றேன்.”

அவன் கேட்டது நியாயம். என்னிடம் படம் இல்லை. பல் இருந்தது. என் வாய்க்குள் இருந்தது.

5

அம்மாவிடம் பேசாமல் எதையும் முடிவு செய்ய முடியாது என்று தெரிந்தது. ஆனால் பேச்சை நான் ஆரம்பித்த விதம் தப்பு. வீடியோவில் அவள் முகம் வந்ததும், பல் உடைந்த கதையையும், வெளுக்கலாம் என்று மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். கூடவே படித்தவள் திமிரில், இந்தக் கறை எதனால் வந்தது என்பதையும் சொன்னேன். கம்பவுண்டர் கொடுத்த கேப்ஸ்யூல் என்று. உப்புத் தண்ணி என்றும் ஜென்மக் கறை என்றும் வீட்டிலும் தெருவிலும் இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய் என்று, ஏதோ கண்டுபிடித்தவள் போல.

அம்மா எழுந்து போய் மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்தாள்.

“எனக்குத் தெர்யும்டி” என்றாள்.

“என்ன தெரியும்?”

“சார்லஸு பொறந்தப்ப ஆஸ்பத்திரில ஒரு நர்ஸம்மா ஒங்க ரெண்டு பேரு வாயையும் பாத்துட்டு கேட்டுது, இன்னா மருந்து குட்த்தேன்னு. சொன்னேன். இந்தப் புள்ளைக்காச்சும் அத்தக் குடுக்காதன்னுச்சு. அவனுக்கு நான் குடுக்கல. அதான் அவனுக்கு வெள்ளப் பல்லு. ஒங்க ரெண்டு பேரு பல்லும் நான் ஊத்துனது. பாக்கறப்பல்லாம் எனக்கு பக்குன்னு இருக்கும். அதுக்குத்தான் வாய மூடு மூடுன்னு கத்துவேன். ஊருக்கு பயந்துகினுன்னு நெனச்சியா?”

அப்படித்தான் நினைத்திருந்தேன். முப்பத்தொரு வயதுவரை.

“வெள்ளையாக்கிக்கோ ரெஜி. டாக்டரம்மா ஆவும்னு சொல்லுதுல்ல, ஆக்கிக்கோ. ஒன்னையாச்சும் நான் வெள்ளப் பல்லோட பாக்கணும். போன்ல நீ சிரிச்சா எனக்கு அவதான் தெரியறா. பேஜாரா கீதுடி.”

கண்ணாடியில் நான் தேடுகிற அதே முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அம்மா இத்தனை வருடம் போனைச் சீக்கிரம் வைத்திருக்கிறாள். என் பல்லை வெளுத்தால் அம்மாவுக்கு நிம்மதி. பிலோ சிரித்த சிரிப்பு அதோடு உலகத்தில் எங்கேயும் இருக்காது. இரண்டில் எது என்று நான் சொல்ல வேண்டும்.

“சரிம்மா” என்றேன். வேறென்ன சொல்வது. வெளுத்துவிடலாம் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன்.

அம்மா போனை வைக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பொட்டில வெச்சப்ப அவ வாய் கொஞ்சம் தொறந்துகினு இருந்துச்சு” என்றாள் திடீரென்று. “நீ பாக்கல, நீ மயங்கிக் கெடந்த. பல்லு தெரிஞ்சுது. போட்டோக்காரன் வந்துகினு கீறான்னாங்க. நான் கைய வெச்சி அமுக்கி மூடனேன். எப்பவும் சொல்றாப்ல, ‘வாய மூடுடி’ன்னு சொல்லிகினே மூடனேன். செத்த புள்ளகிட்ட.”

நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“அந்த ப்ளெக்ஸப் பாத்தியா?” என்றாள் அம்மா. “எவளோ சிரிச்சிகினு கீறா. எம் பொண்ணு பேர எய்தி வெச்சிகீறானுங்க.” பிறகு, “ஒன் பல்லக் காட்டு” என்றாள்.

“என்னம்மா?”

“காட்டுடி. போன கிட்ட எட்த்துகினு வா. கைய எடு. நல்லா தொற.”

பிறந்ததிலிருந்து அம்மா என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஜன்னலோரம் போய் நின்று, உதட்டை விரித்து, சிரித்தேன். அழுகையும் சேர்ந்து வந்ததில் சிரிப்புக் கோணலாகத்தான் இருந்திருக்கும். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அப்டியே கீது” என்றாள். பிறகு, “அந்த ஒண்ணுதான் வெள்ளையா, யார்துமாரியோ கீது.”

“அது சும்மா ஒட்டினதும்மா. இனிமேதான் புதுசு கட்டணும்.”

“அப்ப அத்த மட்டும் கட்டிக்கோ. அதே கலர்ல கட்டச் சொல்லு. கோட்டையும் போடச் சொல்லு.” குரல் உடைந்தாலும் அதட்டல் குறையவில்லை. “கட்டிகினு, நல்லா சிரிச்சி ஒரு போட்டோ எட்த்து தம்பிக்கு அனுப்பு. பூசைக்குள்ள அனுப்பு.”

6

மருத்துவர் இரண்டு முறை கேட்டார், உறுதியாகத்தானா என்று. நிற மாதிரிக்காக அவர்கள் வைத்திருக்கிற பல் வரிசையை என் வாயருகே பிடித்துப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. எனவே உறை செய்கிற கைவினைஞரே பட்டறையிலிருந்து வந்தார். அறுபது வயது இருக்கும். வாயை இருபுறமும் இழுத்துப் பிடிக்கிற பிளாஸ்டிக்கை மாட்டி, பத்துப் பதினைந்து படம் எடுத்தார். என் பல்லை ஒருவர் படம் எடுத்தது அதுதான் முதல் முறை. பிறகு ஒரு காகிதத்தில் பல்லைப் பெரிதாக வரைந்து, கலர் பென்சிலால் இங்கே சாம்பல், இங்கே தேன் நிறம், இங்கே கோடு என்று தீட்டிக்கொண்டார்.

“முப்பது வருடமாக இந்தக் கோட்டை அழிக்கத்தான் என்னிடம் வருகிறார்கள். போடச் சொல்லி நீங்கள்தான் முதல் ஆள்” என்றார்.

“பக்கத்துப் பல்லோடு சேரவேண்டும்” என்றேன்.

“சேரும். ஆனால் கோடு ஒரே அழுத்தமாக இல்லை பாருங்கள். இந்த ஓரத்தில் மங்குகிறது. அது வருவதுதான் கஷ்டம்.”

முதல் உறையை அவரே வேண்டாம் என்று திருப்பி எடுத்துப்போனார், கோடு நேராகிவிட்டது என்று. இரண்டாவது சரியாக வந்தது. பூசைக்கு எட்டு நாள் இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன். நாக்கால் தடவினால் மட்டும் தெரிந்தது, அந்த ஒன்று கொஞ்சம் வழவழப்பு.

படத்தை லியாதான் எடுத்தாள். “சிரி அம்மா” என்றாள். ஷெட்டுக் கவுச்சியோடு தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிப் பல்லைக் காட்டியவளை நினைத்துக்கொண்டேன். என் சிரிப்பில் அந்தத் திமிர் வர ஒன்பது படம் தேவைப்பட்டது.

7

பூசை முடிந்தபோது இங்கே மதியம், அங்கே சாயங்காலம். தேவாலயத்திலிருந்து திரும்பி வந்து, தெருமுனையிலிருந்து சார்லஸ் வீடியோவில் கூப்பிட்டான். ப்ளெக்ஸ் காற்றில் லேசாக அடித்துக்கொண்டிருந்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அனுப்பிய படத்திலிருந்து எடுத்துவைத்த சாம்பல் பல், குறுக்கே கோடு. ப்ளெக்ஸ் கடைப் பையனுக்கு மனசே வரவில்லையாம், “இன்னாண்ணா, நல்லா வெள்ளையா இருந்துச்சே, கலீஜ் பண்றீங்கோ” என்றானாம்.

தெருவோடு போன ஒரு ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். டீக்கடை வாசலில் அன்று நின்றவன்தான். தலை நரைத்துவிட்டது. “தோ பார்யா, சிலேட்டு” என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போனார்.

அம்மா ப்ளெக்ஸுக்குக் கீழே நின்றிருந்தாள். மேலே எட்ட முடியாமல், கட்டியிருந்த சவுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்று, அக்காவின் வாய்மேல் விரல் வைத்தாள். மூட அல்ல. ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டு போனாள்.

“ரெஜி, இதுல எதுடி புதுசு? நீ கட்டினது?”

“நீயே சொல்லு.”

“தோ, இதானே?”

அவள் தொட்டது பக்கத்துப் பல்.

“இல்லம்மா” என்றேன். “அது அக்காளோடது.”

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அம்மா திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.